லொறி திருப்புற இடம்

அன்றைக்கு இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது கேட்டால் எங்கள் வரிசை வீட்டு லயத்தில் பாதிப்பேர் "நானும் அங்கதான் நின்னேன்" என்கிறார்கள். லொறியில் நாலு பேர்: டிரைவராக நான், கங்காணி சின்னையா, குளவி கொட்டின செல்வராணி, அவளைப் பிடித்துக்கொண்டு வந்த அவள் நாத்தனார் புஷ்பம். கல்யாணத்துப் பக்கம் முன்னுக்கு வந்து பேசினது நாலு பேர்: பொண்ணோட அப்பா முத்தையா, சங்கத் தலைவர் பாலு, றக்வானைப் பக்கமிருந்து வந்த மாப்பிள்ளையோட அம்மா, மாப்பிள்ளை காரை ஓட்டிக்கொண்டு வந்த சமிந்த என்கிற சிங்களப் பையன். மற்றவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. நாற்காலியில் இருந்தார்கள்.

இதை எழுதச் சொன்னது தினேஷ். நான் வேலையை விட்டு நின்ற பிறகு எங்கள் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறியை ஓட்டுவது அவன்தான். போன மாதம் லயத்துக் கூட்டம் நடந்தது. ரோட்டு லைட்டு எரியாதது, தண்ணி ஓடுகிற காணில் குப்பை கொட்டுவது, கட்டிப்போடாத நாய், ஊருக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கர் போடுவது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் எழுந்து, கோயிலுக்கு முன்னால் லொறி திருப்புற இடத்தில் த்ரீவீலை நிறுத்தாதீர்கள் என்றேன். ஒவ்வொரு கூட்டத்திலும் நான் சொல்வது இதுதான். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏன் மாமா, ஒரு த்ரீவீல் அஞ்சு நிமிஷம் நின்னா குடியா முழுகிப் போகுது?" என்று தினேஷ் கேட்டான்.

"ஒண்ணோட நிக்காதுடா. ஒண்ணைப் பாத்து ஒண்ணு வந்து நிக்கும்."

"உங்க பயத்தையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க மாமா. வாலிபர் சங்க மலர்ல போடுவோம். படிச்சுட்டு நாங்களும் சேந்து பயப்படுறோம்."

கிண்டலுக்குத்தான் சொன்னான். நான் எழுதிவிட்டேன். படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும். எழுத்துப் பிழை இருந்தால் பிள்ளைகள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

நான் பயந்த ஆள்தான். மறைக்க ஒன்றுமில்லை. வீட்டைப் பூட்டினால் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். மழை ரெண்டு நாள் விடாமல் பெய்தால் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்திட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். என் சம்சாரம் வருகிற போகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்: "இவரு சாமி கும்புடும்போதும் காலு பிரேக்கு மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்." அப்பா படுத்த படுக்கையானதும் பள்ளிக்கூடத்தை விட்டேன். கொழுந்துச் சாக்கு தூக்கினேன், லொறியில் கிளீனராகத் தொத்தினேன், லைசன் எடுத்தேன், பழைய டிரைவர் நின்றதும் ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. அவ்வளவுதான் என் படிப்பு.

என் வேலைக்கு மேலாள் ஃபெக்டரி டீ மேக்கர் ஐயா. சிங்களவர். கொழுந்து மலையிலிருந்து இறங்குவதிலிருந்து தேத்தூளாகி வெளியே போகிற வரைக்கும் அவர் பொறுப்பு. அதனால் லொறியும் அவர் பொறுப்பு. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. லொறி வந்து நின்றதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வருவார். குனிந்து சக்கரத்துக்கு அடியில் கல் வைத்திருக்கிறேனா என்று பார்ப்பார். அப்புறம் உள்ளங்கையை பொனட் மேல் வைப்பார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. சூடு கூடுதலாக இருந்தால், "இன்னைக்கு அவசரமா வந்திருக்கு டிரைவர்" என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அன்று சோறு இறங்காது.

அவர் எனக்குச் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்று. "முதல்ல திருப்பு. பிறகு ஏத்து. பிறகு டீ குடி." எந்த இடத்துக்குப் போனாலும் முதல் வேலை லொறியின் மூக்கை இறக்கத்துப் பக்கம் திருப்பி வைப்பது. சக்கரத்துக்குக் கல் கொடுப்பது. அதற்குப் பிறகுதான் சாக்கு ஏற்றுவது, வெற்றிலை போடுவது, ஊர்க்கதை பேசுவது எல்லாம். மலையில் ஒன்று நடந்துவிட்டால் அந்த நேரத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு நிற்க முடியாது. இந்தச் சட்டம் என்னை மாதிரி பயந்த ஆளுக்கென்றே செய்தது. இருபது வருஷத்துக்கு மேல் அதைத் தாண்டி நான் ஒரு மிடறு டீ குடித்ததில்லை.

எங்கள் ரோட்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெரணியகலை ரோட்டிலிருந்து பிரிந்தால் முதலில் ஃபெக்டரி. அங்கேயிருந்து மேல் டிவிஷனுக்கு ஒரே ஒரு கொங்கிரீட் ரோடு ஏறுகிறது. ஒரு பக்கம் ஆழமான காண், மறுபக்கம் ரப்பர் மரச் சரிவு. எதிரே ஒரு வண்டி வந்தால் ஏதாவது ஒன்று ரிவர்ஸில்தான் போகணும். லயத்துக்கு வந்து சேர்ந்ததும் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் அகலம், கொஞ்சம் சமம். அதுதான் திருப்புற இடம். ரோடு அதைத் தாண்டி மலைக்குப் போகிறது. மலையில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தடியில் லொறி திருப்ப இன்னொரு இடம் உண்டு. நடுவில் ஒன்றும் கிடையாது.

லயத்தில் சமமான தரை அது ஒன்றுதான். அதனால் கல்யாணம், சடங்கு எது வந்தாலும் பந்தல் அங்கேதான் விழும். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து லொறி ஓடாது என்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அதற்கு ஒரு மரியாதையும் உண்டு. இடம் வேண்டியவர்கள் முதல்நாள் டிரைவர் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு கொண்டுவந்து கேட்பார்கள், அது என் பாட்டன் சொத்து மாதிரி. நான் எடுத்துக்கொள்வேன். அடுத்த நாள் லொறி ஃபெக்டரியிலேயே நிற்கும்.

நான் வேலையை விட்டு நிற்பதற்குக் கொஞ்ச காலம் முன்னால், ஒரு வாரம் மழையும் வெயிலும் மாறி மாறி அடித்ததில் கொழுந்து பொங்கிவிட்டது. ஞாயிறு கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கணும் என்று தோட்டத்து மேனேஜர் தொரை சொல்லிவிட்டார். கைக்காசு என்றால் அன்று எடுக்கிற கொழுந்துக்கு அன்றைக்கே காசு. கஷ்டகாலம், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அதே ஞாயிறு முத்தையாவின் மகளுக்குக் கல்யாணம்.

சனிக்கிழமை பொழுது சாய முத்தையா தட்டோடு வந்தான்.

"என்ன அண்ணே, வெத்திலையப் பாத்துக்கிட்டே இருக்கீங்க? எடுங்க."

"நாளைக்குக் கொழுந்து இருக்கே முத்தையா."

"தெரியும். பத்தரைக்குத் தாலி. சாப்பாடு முடிஞ்சதும் பந்தலைப் பிரிச்சிருவோம். கொழுந்து ஒரு மணி நேரம் மேல கெடந்தா செத்தா போயிரும்?"

"கொழுந்து கெடக்கட்டும். ஆளுங்க மேல நிக்கிறாங்களே. லொறி மேல மாட்டிக்கிட்டா, அவசரத்துக்கு ஒண்ணுன்னா..."

"அண்ணே, வாயக் கழுவுங்க! கல்யாணம் வச்சிருக்கேன். நல்ல வார்த்தை ஒண்ணு வருதா பாரு."

என் சம்சாரம் உள்ளே இருந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். "நீங்க போங்கண்ணே. இவரு நல்ல வார்த்தை பேசறதுக்கு முன்னாடி ஒங்க பேரப்புள்ளைக்கே கல்யாணம் ஆயிரும்."

முத்தையா சிரித்துக்கொண்டே போனான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே டீ மேக்கர் ஐயாவிடம் போனேன். மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் நின்றுகொண்டு ஒரு பிடி கொழுந்தைக் கசக்கி மோந்துகொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கொழுந்தைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

"கல்யாணத்த நான் நிப்பாட்ட மாட்டேன் டிரைவர். பந்தல் போடட்டும். லொறி போற அகலம் மட்டும் விடச் சொல்லு. வாயால சொல்லாதே, கோடு போடு."

கோயிலில் சுண்ணாம்பு வாங்கிக் கோடு போட்டேன். லொறி அகலத்துக்கு மேல் ஒரு கை கூடுதலாகவே விட்டேன். கீழ்ப்பக்கம் வளைவு வரைக்கும் ரோட்டோரத்திலும் இழுத்தேன். முத்தையாவும் தலைவர் பாலுவும் பக்கத்திலேயே நின்றார்கள்.

"டிரைவர் அண்ணன் கிரிக்கெட் கிரவுண்டு போடுறாருடோய்" என்றார் பாலு. ஆனால் பாலு ஒத்துக்கொண்டார். "கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கூட வராது, என் பொறுப்பு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

ஞாயிறு காலையில் அந்தக் கோட்டுக்குள்ளேயே லொறியை ஓட்டிக்கொண்டு மேலே போனேன். முகூர்த்தக்கால் கோட்டைத் தாண்டாமல் மஞ்சள் துணியோடு நின்றது. வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கே மனசு லேசாகியது. மேலே போய்த் திருப்பினேன், கல் வைத்தேன், டீ குடித்தேன்.

கீழே நடந்ததை அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பொசுபொசு என்று தூறல் போட்டிருக்கிறது. ஸ்பீக்கர் செட்டு கொண்டுவந்த சுரேஷ், பெட்டி நனைகிறது என்று கோட்டைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கிறான். பெட்டிக்கு மேல் ஒரு படுதா இழுத்துக் கட்டினார்கள். படுதா இருக்கிறதே என்று அதன் அடியில் சோத்து அடுப்பு வந்தது. கீழ்ப்பக்கம் ஒரு த்ரீவீல் "அஞ்சு நிமிஷம்" என்று ரோட்டிலேயே நின்றது. அதைப் பார்த்து இன்னொன்று. வரிசையாக ஏழு. அதற்குப் பின்னால் ஒரு வேன். எல்லாருக்கும் கடைசியாக வந்தது எம்பிலிப்பிட்டியவில் வாடகைக்கு எடுத்த மாப்பிள்ளை கார், பூச்சரம் போட்டு, மூக்கு மேலே பார்த்தபடி. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நியாயம் இருந்தது. கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் இல்லை. பாலுவை மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கக் கூப்பிட்டார்கள், அவர் போய்விட்டார்.

மேலே பத்து மணி போல ஒரு கத்தல் கேட்டது. கொழுந்து மலையில் ஆள் கத்தினால் எந்தக் கத்தல் என்று எங்களுக்குத் தெரியும். பாம்பைக் கண்டால் ஒரு மாதிரி, அட்டை ஏறினால் ஒரு மாதிரி. இது எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினது.

"குளவி! குளவி! படுங்க! ஓடாதீங்க, படுத்துருங்க!" சின்னையா கங்காணியின் குரல்.

இடுப்பில் கட்டியிருக்கிற சாக்குப் படங்கை அவிழ்த்துத் தலையோடு மூடிக்கொண்டு அப்படியே செடிக்கு அடியில் படுத்துவிடணும். எல்லாரும் படுத்தார்கள். செல்வராணி நின்றது கூட்டுக்கு நேர் கீழே. அவளுக்குப் படங்கு முடிச்சு அவிழவில்லை. குளவி அடங்கினதும் சின்னையாவும் புஷ்பமும் அவளைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்கு வந்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்று, ரெண்டு கொட்டு. அவளுக்குக் கழுத்து, உதடு, கண்ணிமை எல்லாம் தடித்து, முகம் அவள் முகமாகவே இல்லை. முன்னேயும் ஒரு தடவை குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவள் அவள். அடுத்த தடவை கொட்டினால் மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும், ஒரு நிமிஷம் வீட்டில் வைத்திருக்காதீர்கள் என்று டொக்டர் அப்போதே சொல்லியிருந்தார். அது லயம் முழுக்கத் தெரியும். ரெண்டு பிள்ளைகள். புருஷன் கொழும்பில் கடையில் வேலை.

"அண்ணே, மூச்சு இழுக்கிற சத்தத்தப் பாருங்க" என்றாள் புஷ்பம்.

விசில் மாதிரி கேட்டது.

சின்னையா போனில் கத்திக்கொண்டிருந்தார். தோட்டத்து மருந்துக்காரர் ஞாயிறு வீட்டுக்குப் போய்விட்டார். ஆம்புலன்ஸ் கிடைத்தது. ஃபெக்டரி வரைக்கும் வருகிறோம், அங்கே கொண்டுவாருங்கள் என்றார்கள். லொறி திருப்பித்தான் இருந்தது. கல்லை உதைத்துத் தள்ளிவிட்டு ஏறினேன். செல்வராணியை முன்னாலேயே உட்காரவைத்துப் புஷ்பம் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சின்னையா படியில் தொங்கினார்.

இறக்கம் முழுக்க ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. கீழே ஒருத்தருக்கும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் பாட்டு மலையில் மோதித் திரும்பி வந்தது. வளைவில் திரும்பினதும் என் கோட்டின் மேல் சுரேஷின் பெட்டி நிற்பதைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் அடுப்பில் அண்டா கொதித்தது. அதற்கும் பின்னால் த்ரீவீல் முதுகு முதுகாகத் தெரிந்தது. நான் வருஷக்கணக்காக மனசுக்குள் பார்த்துப் பார்த்துப் பயந்தது அப்படியே கண் முன்னால் நின்றது.

"பந்தலை அறுங்க!" என்று சின்னையா குதித்து ஓடினார்.

"அறுத்து என்ன செய்ய? கீழ த்ரீவீலு ரோட்டையே அடைச்சிருக்கு!" என்றேன். ஒவ்வொன்றாக ரிவர்ஸில் போய் வழி விடுவதற்குள் இவள் இருக்கமாட்டாள். போகக்கூடிய வண்டி ஒன்றுதான். வரிசையின் கடைசியில் நிற்கிற மாப்பிள்ளை கார்.

புஷ்பத்தின் படங்கை விரித்துச் செல்வராணியைக் கிடத்தினோம். நாலு மூலையையும் பிடிக்க ரெண்டு பேர் ஓடிவந்தார்கள். பந்தல் வாசலுக்கு வந்தால் முத்தையா ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறான். அவனைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. மகள் மணவறையில் உட்கார்ந்திருக்கிறாள், தாலி தட்டில் இருக்கிறது.

"அண்ணே, பின்னால சுத்திப் போயிருங்க. ஒங்க காலுல விழறேன். தாலி கட்டுற நேரம், இந்தக் கோலத்துல உள்ள வராதீங்க."

"பின்னால அடுப்பு இருக்குடா, காணு இருக்கு. எப்படிச் சுத்துறது?"

"ஏய், பொண்ணு மொகத்தத் திருப்புங்க, பாக்கக் கூடாது" என்று யாரோ ஒரு பொம்பளை சொன்னாள். பாலு ஓடிவந்தார். "ஒரு நிமிஷம் பொறுங்க, பேசுவோம், பேசுவோம்" என்றார். சங்கத்துப் பேச்சுவார்த்தை மாதிரி. பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. படங்குக்குள்ளிருந்து வந்த விசில் சத்தம் குறைந்துவிட்டது. குறைந்தால் நல்லது இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன். மெலிந்த ஆள், பச்சைப் பட்டு. அவரும் றக்வானைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்தான் என்று அப்புறம் தெரிந்தது. படங்குக்குள்ளே எட்டிப் பார்த்தார்.

"குளவியா?"

"ஆமாங்க அம்மா. ஃபெக்டரிக்குக் கொண்டு போகணும். ஒங்க காரு ஒண்ணுதான் போக முடியும்" என்றேன்.

அவருடைய சொந்தக்காரர் ஒருத்தர் பின்னாலிருந்து, "அக்கா, மாப்பிள்ளை காரு. தாலி ஏறல. ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா கார்லயே..." என்று இழுத்தார்.

"காரு என்ன கோயிலா? வெலகு" என்றார் அந்த அம்மா. முத்தையாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "சம்பந்தி, உள்ளாலேயே போகட்டும். ஒங்க மகள நான் பாத்துக்கிறேன். டேய், அந்தப் பாட்ட நிறுத்து மொதல்ல."

பாட்டு நின்றது. நாங்கள் மணவறைக்கு முன்னாலேயே போனோம். பொண்ணு முகத்தைத் திருப்பவில்லை. எழுந்து நின்று, "செல்வராணி அக்கா" என்று சொன்னது மட்டும் கேட்டது.

ஏழு த்ரீவீலையும் வேனையும் தாண்டிக் காருக்கு வந்தோம். கதவுக்குக் குறுக்கே பூச்சரம். அந்த அம்மா கூடவே ஓடி வந்து ஒரே இழுப்பில் பிய்த்துப் போட்டார். சமிந்த என்கிற டிரைவர் பையன் முகம் வெளுத்துப்போய் நின்றான்.

"மல்லி, ரிவர்ஸில ஃபெக்டரி வரைக்கும் போவியா?" என்று சிங்களத்தில் கேட்டேன். மல்லி என்றால் தம்பி.

ரோட்டைப் பார்த்தான். காணைப் பார்த்தான். "பேஹே அங்கிள்" என்றான். முடியாது என்று. அழுகிற மாதிரி இருந்தான். "திருப்ப இடம் இருக்கும்னுதானே மேல வந்தேன்."

அவன் சொன்னது நியாயம். திருப்ப இடம் இருந்தது. அதன் மேல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் பெரிய கஷ்டம். நான் சத்தத்தை வைத்து ஓட்டுகிறவன். லொறி முனகினால் கியர் மாற்றுவேன், இரைந்தால் காலை எடுப்பேன். இந்தக் காரில் சத்தமே இல்லை. சாவி கிடையாது, கிளச்சு கிடையாது. சமிந்த பக்கத்தில் ஏறிப் பொத்தானை அமுக்கினான்.

"ஸ்டார்ட் ஆகலையே!"

"ஓடுது அங்கிள், ஓடுது. பிரேக்கை மட்டும் பாருங்க."

முன்னால் ஒரு சின்ன டீவி மாதிரி பின்பக்க ரோட்டைக் காட்டியது. அதில் மழைத்துளி. நான் அதைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து தலையை வெளியே போட்டு, பின்சக்கரத்துக்கும் காணுக்கும் நடுவில் இருக்கிற ஒரு சாண் கொங்கிரீட்டை மட்டும் பார்த்தேன். சின்னையா காருக்குப் பின்னால் பின்னோக்கியே ஓடினார், கையைக் காட்டிக்கொண்டு. அவருக்கு அப்போதே வயது அறுபதை நெருங்கியிருந்தது.

"வரட்டும்... வரட்டும்... காணுப் பக்கம் போகாத... ஆங், வரட்டும்..."

பின் சீட்டில் புஷ்பம், "அண்ணி, மூச்சு விடு, மூச்சு விடு" என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குப் பிரேக்கை அழுத்தி நிறுத்திவிடணும் போல இருந்தது. நிறுத்தி இறங்கி, நடந்து போய்விடணும் போல இருந்தது. டீ மேக்கர் ஐயா பொனட்டில் கை வைப்பது ஞாபகம் வந்தது. அவசரமாக வரக்கூடாது. மெதுவாக வந்தால் இவள் செத்துப்போவாள். ரெண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கணும். அதைத் தேடிக்கொண்டே போனேன்.

ரெண்டாவது வளைவில் சரிவு ஓரத்துக் கருங்கல்லில் இடதுபக்கம் உரசியது. தகரம் கிழிகிற சத்தம். கண்ணாடி உடைந்து தொங்கியது. சமிந்த தலையில் கை வைத்தான். "நிப்பாட்டாதீங்க அங்கிள், யமு, யமு" என்றான். போவோம் என்று. அந்தப் பையனை நான் மறக்கமாட்டேன். அவன் முதலாளிக்குப் பதில் சொல்லவேண்டியவன் அவன்.

ஃபெக்டரி வாசலுக்கு வந்தபோது ஆம்புலன்ஸ் அப்போதுதான் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. மூக்கை வெளிப்பக்கம் வைத்துத்தான் நிறுத்தினார்கள். ஒரு ஊசி போட்டார்கள், முகத்தில் மாஸ்க் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த விசில் சத்தம் திரும்ப வந்தது. உலகத்தில் எந்த நாதஸ்வரமும் எனக்கு அப்படி இனித்ததில்லை. ஆம்புலன்ஸ் போனதும் நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

செல்வராணி பிழைத்துக்கொண்டாள். ரெண்டு நாளில் வீட்டுக்கு வந்தாள். கல்யாணமும் நடந்தது. நல்ல நேரம் போகிறதற்குள் தாலி கட்டட்டும், பாட்டு மட்டும் வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னாராம். கோயில் மணி மட்டும் அடித்தார்கள். புஷ்பம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்துச் சொன்ன பிறகுதான் சுரேஷ் செட்டைப் போட்டிருக்கிறான், அதுவும் சின்ன சத்தத்தில்.

திங்கட்கிழமை டீ மேக்கர் ஐயா வந்தார். வழக்கம் போல லொறிக்குப் பக்கத்தில் நின்றார். பொனட்டில் கை வைக்கவில்லை.

"கார் எந்தக் கல்லுல பட்டுச்சு?"

சொன்னேன். என்னையும் கூட்டிக்கொண்டு நடந்து போய்ப் பார்த்தார். காரின் வெள்ளைப் பெயின்ட் கல்லில் ஒட்டியிருந்தது. அன்று மத்தியானமே ரெண்டு ஆளை அனுப்பி அந்தக் கல்லைத் தோண்டி எடுக்கச் செய்தார். அப்புறம் கோயிலடிக்குப் போய், மழையில் பாதி அழிந்துபோன என் சுண்ணாம்புக் கோட்டைக் குனிந்து பார்த்தார்.

"கோடு நல்லாத்தான் போட்டிருக்கே" என்றார். திரும்பி நடந்தார். ரெண்டடி போய், "கோட்டுப் பக்கத்துல ஒரு ஆளையும் போட்டிருக்கணும். அது நான் சொல்லல்ல" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

தினேஷ், நீ கேட்டதற்கு இதுதான் பதில். பந்தலுக்கு இடம் கொடுக்கலாம். விருந்தாளி வந்தால் வண்டி நிற்கத்தான் செய்யும். ஆனால் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கணும். சொந்தக்காரன் என்றாலும், "மச்சான், கோவிச்சுக்காத, கீழ நிறுத்திட்டு நடந்து வா" என்று சொல்ல வாய் இருக்கிற ஆளாக இருக்கணும். எங்கள் லயத்தில் அப்படி ஒருத்தரும் இல்லை, நாங்கள் அவ்வளவு மரியாதைக்காரர்கள். இன்றைக்குக் காலையில் போய்ப் பார்த்தேன். திருப்புற இடத்தில் நாலு த்ரீவீல் நிற்கிறது, ரெண்டு மூக்கு மேலே, ரெண்டு மூக்கு சுவரில்.

கார்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், மலரில் வரட்டும். எம்பிலிப்பிட்டிய முதலாளி பம்பருக்கும் கண்ணாடிக்கும் பெயின்ட்டுக்கும் நாற்பத்தஞ்சாயிரம் கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா பேசாமல் தன் காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டிவிட்டார். எங்களுக்கு அது முத்தையாவின் மகள் சொல்லித்தான் தெரியும். செல்வராணி முழுக்க நான் தருகிறேன் என்று நின்றாள். கொட்டு வாங்கினவள் காசு கொடுக்கக்கூடாது, ரோட்டை அடைத்தவர்கள் கொடுக்கணும் என்று பாலு கூட்டத்தில் வைத்துச் சொன்னார், முதல் ஆளாகத் தானும் போட்டார். முத்தையா கொடுத்தான், சின்னையா வேண்டாம் என்றாலும் கேட்காமல் கொடுத்தார், நான் கொடுத்தேன், த்ரீவீல்காரர்களில் மூன்று பேர் கொடுத்தார்கள். மற்ற நாலு பேரும் ஸ்பீக்கர் செட்டு சுரேஷும் அடுத்த சம்பளம், அடுத்த சம்பளம் என்கிறார்கள். அந்த அம்மாவின் தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. பாக்கி பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.